கில்பர்ட் நின்ற இடம்

சந்தாபுராவைத் தாண்டி, மூடிப்போன டைல்ஸ் தொழிற்சாலை ஒன்றின் பின்முற்றத்தில் கில்பர்ட் முதன்முதலாகப் போய் நின்றபோது அதை முட்டாள்தனம் என்று யாரும் சொல்லவில்லை. காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுனிதாவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் அவள்தான்.

அது போன வருஷம் நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவள் டிரிஃப்ட் பழகிக்கொண்டிருந்தாள். காரின் பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, வண்டி பக்கவாட்டில் சறுக்கியபடியே வளைவைச் சுற்றி வருவதற்குத்தான் அந்தப் பெயர். சில நாடுகளில் அது பெரிய பந்தயம். இங்கே அது நாலைந்து பேர் காவல்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உள்ளே புகுந்து பழைய டயர்களைத் தேய்த்துத் தீர்க்கும் ஞாயிற்றுக்கிழமை. வளைவின் உள்முனையில் ஒரு ஆரஞ்சு நிறக் கூம்பு வைப்பார்கள். அதை உரசாமல், எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகச் சறுக்கிப் போக வேண்டும். சுனிதா ஒவ்வொரு தடவையும் கூம்பின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

கில்பர்ட் நசுங்கிய கூம்பை எடுத்துத் தூர வீசினான். அது இருந்த இடத்தில் தானே போய் நின்றான். அவனுக்குப் பின்னால் கான்கிரீட் சுவர். சுவரோரம் பழைய டயர்கள் அடுக்கியிருந்தன.

"கூம்பைப் பாத்துட்டே வர்றே. அதான் கூம்புலயே ஏத்துறே," என்று கத்தினான். "இப்ப நான் நிக்கிறேன். என்னைப் பாக்காதே. எனக்கு அந்தாண்ட பாரு. எங்க போகணுமோ அங்க பாரு."

"கில்பர்ட், வேணாம். நான் இடிச்சிடுவேன்."

"இடிக்க மாட்டே மேன். உன்னை எனக்குத் தெரியும்."

அவள் அவனுக்கு அந்தாண்ட பார்த்தாள். கார் புகையைக் கக்கியபடி அவனைச் சுற்றிக்கொண்டு போனது. நின்ற பிறகு அவள் இறங்கி வந்தாள். கில்பர்ட் சிரித்தான். அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வழிய. முப்பத்தொரு வயது வரை அவளை நம்பி யாரும் எதன் முன்னாலும் நின்றதில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யார் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டாலும், ஒரு நண்பன் போய் நிற்க வேண்டும். "எனக்கு நிக்கிறியா?" என்று கேட்பது அந்தச் சின்னக் கூட்டத்தில் கட்டிப்பிடிப்பதைவிடப் பெரிய சொந்தம். ஆபத்தான காரியத்துக்கு அழகான பெயர் கிடைத்துவிட்டால் பிறகு அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

சுனிதா ஒரு டெக் பார்க்குக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவள். வீடு மர்பி டவுனில், அம்மா சின்னத்தாயியோடு. தாத்தா காலத்திலிருந்தே பௌத்தக் குடும்பம். ஆயுத பூஜைக்குத் தெருவில் உள்ள ஆட்டோவெல்லாம் வாழைக்கன்றும் மாலையுமாக நிற்கும்போது, சின்னத்தாயி வழக்கம்போலக் கூடையை எடுத்துக்கொண்டு அபார்ட்மெண்ட் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே அன்றைக்கு எல்லா வீட்டிலும் மிக்சியிலிருந்து துணி துவைக்கும் மிஷின் வரை பொட்டு வைத்திருப்பார்கள். அவற்றை நாள்தோறும் துடைக்கிறவளுக்கு ஒரு நாள் லீவு கொடுக்கத் தோன்றாது.

வேன் கம்பெனியில் சுனிதாவுக்குத் தெரிந்த ஒரே பதில் "சரி சார்". கூட ஒரு டிரிப் அடி என்றாலும் சரி சார். பெண்கள் கழிப்பறை இல்லாத இடத்தில் வண்டியைப் போட்டுக் காத்திரு என்றாலும் சரி சார். சூப்பர்வைசர் அவளைப் பற்றி மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வான்: "சுனிதா தங்கம் பா. வாயே இல்ல."

கில்பர்ட் அந்த வேனில் வருகிறவன். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஏதோ ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் கோளாறுகளைப் போனில் தீர்த்து வைக்கும் வேலை. ஒரு மழை நாளில் பொம்மனஹள்ளி பக்கம் யாரோ டீசல் கொட்டி வைத்திருந்த ரோட்டில் வேனின் பின்பக்கம் விலகிக்கொண்டு போனது. உள்ளே இருந்தவர்கள் அலறினார்கள். சுனிதா ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி, திரும்பவும் நேராக்கி, ஒன்றும் நடக்காதது போல ஓட்டிக்கொண்டு போனாள். இறங்கும்போது கில்பர்ட் மட்டும் அவள் ஜன்னல் பக்கம் வந்தான்.

"சிஸ்டர், இப்ப என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலியே சார்."

"அதான் கேக்குறேன். வேற யாராயிருந்தாலும் பிரேக்கை மிதிச்சிருப்பான். நீங்க ஏன் மிதிக்கல?"

"மிதிச்சா சுத்திக்கும்னு தோணுச்சு சார்."

"இதையே வேணும்னே செய்றவங்க இருக்காங்க, தெரியுமா? ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

"எத்தினி பேர் வருவாங்க சார்? வண்டி பெருசா சின்னதா?" என்று கேட்டாள் சுனிதா. ஏதோ வாடகை டிரிப் என்று நினைத்துக்கொண்டாள். அதைச் சொல்லிச் சொல்லிக் கில்பர்ட் மாதக்கணக்கில் சிரித்தான்.

கில்பர்ட்டிடம் அவன் அப்பா விட்டுப்போன பழைய காண்டெஸா இருந்தது. பெரிய வண்டி, பின்சக்கரம் இழுக்கும் வண்டி, சறுக்குவதற்குத் தோதானது. அதில்தான் சுனிதா பழகினாள். கூட்டத்தில் இன்னொருவன் பரத். மல்லேஸ்வரத்துக்காரன், தாத்தா மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர், இவன் மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவி. அவனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெளிநாட்டுக் கார். கெட்டவன் அல்ல. சுனிதாவுக்கு நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். டயர் தேய்ந்தால் தன் வண்டியில் கழற்றியதைக் கொடுப்பான். எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுக்க ஜாய்சன் என்று ஒருவன். அவ்வளவுதான் கூட்டம்.

அந்த வருஷம் சுனிதா மாறினாள். வண்டி கையை விட்டுப் போகும்போது பதறாமல் இருக்கப் பழகியவளுக்கு, சூப்பர்வைசரின் குரல் உயரும்போதும் பதற்றம் வருவது நின்றுவிட்டது. பிப்ரவரியில் அவளுக்கு டயர் மொட்டையான ஒரு வேனைக் கொடுத்தார்கள்.

"இதை எடுக்க மாட்டேன் சார்."

"என்ன?"

"டயர் வழுக்கை சார். பதினோரு பேர் உக்காருவாங்க. எடுக்க மாட்டேன்."

சூப்பர்வைசர் அவளை வேறு யாரோ என்பதைப் போலப் பார்த்தான். மற்ற ஓட்டுநர்களும் சாவியைக் கீழே வைத்ததும் வேறு வழி இல்லாமல் டயரை மாற்றினான். அன்று மாலை அவள் வீட்டில் இதைச் சொன்னபோது சின்னத்தாயி சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? வேலையை விட்டு அனுப்பிட்டான்னா?"

"அனுப்பட்டும்மா. செத்துட்டா மட்டும் சம்பளம் குடுப்பானா?"

சின்னத்தாயி அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

கூட்டத்தில் இந்தக் கதையைக் கேட்டு பரத் கைதட்டினான். "சூப்பர் மா! இப்படித்தான் இருக்கணும்." கில்பர்ட் அவள் தோளில் குத்தினான். அவர்களிடமே ஒரு நாள் இதே வார்த்தையைச் சொல்ல வேண்டிவரும் என்று அவள் அப்போது நினைக்கவில்லை.

ஆனால் நிற்கிறவனுக்கும் காருக்கும் நடுவிலிருந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு கார் புகும் அளவு. பிறகு ஒரு ஸ்கூட்டர். பிறகு கையை நீட்டினால் தொடும் தூரம். அதிகமாக நிற்பவன் கில்பர்ட்தான். அவனுக்கு அது ஒரு போதையாகிவிட்டது. அவன் நின்றால்தான் நன்றாக ஓட்டவருகிறது என்று பரத் சொல்லிச் சொல்லி அவனை உசுப்பேற்றி வைத்திருந்தான். ஜூன் மாதத்தில் பரத்தின் காரின் பக்கக் கண்ணாடி கில்பர்ட்டின் சட்டையை இடுப்புப் பக்கம் கிழித்துக்கொண்டு போனது. ஜாய்சன் எடுத்த படத்தை எல்லோரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். கில்பர்ட் அந்தச் சட்டையைத் தைக்காமலே போட்டுக்கொண்டு திரிந்தான்.

சுனிதா சிரிக்கவில்லை. அந்தக் கிழிசல் இருந்தது வயிற்றை ஒட்டி. மறுநாள் வேன் ஓட்டும்போது, சாலையோரம் நிற்கிற ஒவ்வொரு ஆளும் அவள் கண்ணுக்குச் சட்டை கிழிந்தவனாகவே தெரிந்தான். அதற்குப் பிறகு அவள் யாரையும் நிற்கச் சொல்லிக் கேட்கவில்லை. கூம்பை வைத்தே ஓட்டினாள். கில்பர்ட் இதைக் கவனித்தான்.

"என் மேல நம்பிக்கை போயிடுச்சா?"

"உன் மேல இல்ல கில்பர்ட். டயர் மேல. அது ரப்பர். அதுக்கு நீ ஃப்ரெண்டுன்னு தெரியாது."

"பழசெல்லாம் மறந்துட்டே. நான் நிக்கலைன்னா நீ இன்னும் கூம்பைத்தான் நசுக்கிட்டு இருப்பே."

அது உண்மைதான். அவள் போய்க் கூம்பை எடுத்து வைத்தாள்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அன்று முற்றத்தில் வண்டிகளுக்குப் பூஜை போட வேண்டும் என்று பரத் ஏற்பாடு செய்திருந்தான். இரண்டு கார்களின் மூக்கிலும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். காரை முன்னால் நகர்த்தி நசுக்கினார்கள். பாட்டரி வயர் தொங்குவதைச் சரிசெய்யாத காண்டெஸாவுக்குக் கழுத்து நிறைய மாலை. சுனிதாதான் அந்த வயரைத் துணியால் கட்டினாள்.

பிறகு பரத் ஒரு பெரிய பூசணிக்காயை எடுத்தான். மேலே துளை போட்டு உள்ளே குங்குமம் கொட்டியிருந்தது. அதன் தலையில் சூடம் எரிய, கார்களைச் சுற்றிக் காட்டினான். நேராக வளைவின் வாய்க்குப் போனான்.

"பரத், அங்க உடைக்காதீங்க," என்றாள் சுனிதா. "வண்டி உள்ள திரும்புற இடம் அது."

"அங்கதான் மா உடைக்கணும். ஆபத்து எங்க இருக்கோ அங்கதான் திருஷ்டி கழிக்கணும்."

பூசணிக்காய் சிதறியது. சிவந்த நீரும் சதையும் விதையுமாக வளைவின் முகப்பு முழுக்கப் பரவியது. பண்டிகைக்கு மறுநாள் இந்த ஊரின் ரோடுகளில் இப்படி உடைந்து கிடக்கும் பூசணிக்காய்களில் எத்தனை ஸ்கூட்டர்கள் சறுக்கி விழுகின்றன என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அவளுடைய வேனே ஒருதரம் சிக்னலில் வழுக்கியிருக்கிறது. அடுத்தவனுக்கு அடிபடும் இடத்தில் தன் கண்ணேற்றைக் கொட்டிவிட்டு வருவதற்குப் பக்தி என்று பெயர்.

ஜாய்சன் காலால் நாலு துண்டுகளை ஓரமாகத் தள்ளினான். "ஆய்த்து குரு, க்ளீன்," என்று வேலை முடிந்துவிட்டதாகக் கன்னடத்தில் சொன்னான்.

சுனிதா இங்கே பழக வர ஆரம்பித்து அன்றோடு ஒரு வருஷம் முடிகிறது. ஆகவே முதல் ஓட்டம் அவளுடையது, கில்பர்ட் நிற்பான் என்று அவர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள். கில்பர்ட் ஏற்கெனவே தன் இடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

"கில்பர்ட், வா இந்தப் பக்கம். கூம்பை வை."

"இன்னைக்குமா? ஒரு வருஷம் மேன். எனக்காக ஒரு தரம்."

"உனக்காகத்தான் சொல்றேன். கீழே வழவழன்னு கிடக்குது. நீ அங்க நின்னா நான் சாவியே போட மாட்டேன்."

"அட, பூஜை போட்ட வண்டி. ஒண்ணும் ஆகாது," என்றான் பரத்.

சுனிதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் கில்பர்ட் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, கூம்பை எடுத்துப்போய்த் தன் இடத்தில் நட்டான்.

அவள் ஓட்டினாள். முகப்பு வரை எல்லாம் சரியாக இருந்தது. பின்பக்கம் விலகியது. கண் கூம்பைத் தாண்டி, போகவேண்டிய இடத்தில் இருந்தது. அடுத்த கணம் முன்சக்கரங்கள் அந்தச் சதையின் மேல் ஏறின. ஸ்டியரிங் கையில் காற்றைப் போல லேசாகியது. திருப்பினாள்; திரும்பவில்லை. வண்டி அவள் சொன்ன எதையும் கேட்காமல் நேராக உள்ளே போய்க் கூம்பை அடியில் இழுத்துக்கொண்டு, சுவரோரத்து டயர்களில் மோதி நின்றது.

காண்டெஸாவின் மாலையிலிருந்து பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. சுனிதா இறங்கிக் குனிந்து பார்த்தாள். கூம்பு டயர் அடுக்குக்கும் பம்பருக்கும் நடுவில் அட்டை போலத் தட்டையாகியிருந்தது.

முதலில் வாயைத் திறந்தவன் பரத்.

"பாத்தியா?" அவன் குரலில் உண்மையான பரவசம் இருந்தது. "பாத்தியாடா கில்பர்ட்? உனக்கு வர வேண்டியது கூம்புக்குப் போயிடுச்சு! திருஷ்டி கழிஞ்சுது. இதுக்குத்தான் பூசணிக்கா உடைக்கிறது!"

சுனிதா அவனையே பார்த்தாள். கேலி செய்கிறானோ என்று கூட நினைத்தாள். இல்லை. பல கோடி ரூபாய்ப் பணம் புரளும் கணினி முறைகளில் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதே அவன் உத்தியோகம். பிழை அவன் காலடியில் சிவப்பாகக் கிடந்தது.

"வழுக்கினதே அதுலதான் பரத். இந்தா, டயரைப் பாருங்க. விதை ஒட்டியிருக்குது."

"சரிமா. ஆனா கில்பர்ட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அவனை நான் நிக்க விடல. அதனால ஆகல!"

"நிக்க வேணாம்னு உனக்கு யார் தோண வெச்சது?"

காப்பாற்றினாலும் சாமியே, கைவிட்டாலும் சாமியே என்று முடிவு கட்டிக்கொண்டவனிடம் எந்தச் சாட்சியத்தைக் கொண்டுபோய் நீட்டுவது? அவள் கில்பர்ட்டைப் பார்த்தாள். அவன் கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் அந்த வெளுப்பிலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"எதுக்கும் ரெண்டு சாமி இருக்கட்டுமே," என்றான். "பரத், உன் ரவுண்டை நீ எடு. நான் நிக்கிறேன். இப்ப எல்லாம் கழிஞ்சிடுச்சு இல்ல?"

அவன் போய் நின்றான். பரத் தன் காரை முற்றத்தின் கோடிக்கு எடுத்துப் போனான். தரையை யாரும் கழுவவில்லை.

சுனிதா காண்டெஸாவில் ஏறினாள். பின்னோக்கி எடுத்து, வளைவின் முகப்பில் குறுக்காக நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டு இறங்கி நின்றாள்.

பரத் ஹாரன் அடித்தான். பிறகு இறங்கி ஓடி வந்தான்.

"என்ன இது? வண்டியை எடு."

"எடுக்க மாட்டேன். தண்ணி ஊத்திக் கழுவுங்க. இல்லேன்னா அவன் நிக்கக் கூடாது."

"பூஜை அன்னைக்கு இப்படிக் குறுக்க நிறுத்துறது நல்லதில்ல சுனிதா. உனக்குப் புரியாது. உங்க ஆளுங்க வீட்ல ஆயுத பூஜையே கிடையாதாமே."

உங்க ஆளுங்க. ஒரு வருஷமாக ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவன். கில்பர்ட் ஏதாவது சொல்வான் என்று சுனிதா காத்திருந்தாள். கில்பர்ட் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "சாவியைக் குடு சுனிதா," என்றான். "இது என் அப்பா வண்டி. எல்லார் முன்னாடியும் என்னை பயந்தாங்கொள்ளி ஆக்கிட்டே."

அவள் சாவியைக் கொடுத்தாள். தரை காய்வதற்குள் அவர்கள் மூட் கெட்டுப்போய், அன்று அதற்கு மேல் யாரும் ஓட்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டாள். அவள் மெயின்ரோடு வரை நடந்து போய் பஸ் ஏறியிருந்தாள்.

கில்பர்ட் அதற்குப் பிறகு வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தான். "குட் மார்னிங்" என்பான். அவளும் சொல்வாள். நடக்காமல் போன விபத்தைக் காட்டி ஒருவனிடம் நியாயம் கேட்க முடியாது. அவன் கண்ணுக்கு அவள் காப்பாற்றியவள் அல்ல, அவமானப்படுத்தியவள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவன் படியேறும்போது அவள் முதலில் அவன் கால்களைப் பார்ப்பாள். இரண்டும் சரியாக நடந்து வருகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜாய்சன் போன் செய்தான். அவனுக்குப் பேச்சு குழறியது. சந்தாபுரா பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமின் பெயரைச் சொல்லி, "வா," என்றான். "கில்பர்ட் உன்னைத்தான் கேக்குறான்."

அவள் போய்ச் சேர்ந்தபோது கில்பர்ட்டின் இடது காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வலி தாங்கல சுனிதா. ஊசி போட்டும் கேக்கல. விரலெல்லாம் மரத்துக் கிடக்குது."

"என்ன ஆச்சு?"

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். "பைக்ல இருந்து விழுந்தேன்."

அவள் ஜாய்சனை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். பரத்தின் கார் கில்பர்ட்டைச் சுவரோரத்து டயர்களோடு சேர்த்து அழுத்திவிட்டது. ஒரு டயர் அடுக்கு சரிந்து, கால் காருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. காவல்காரரும் சேர்ந்து தள்ளியும் வெகுநேரம் வண்டி நகரவில்லை. இவ்வளவையும் அவன் அழுதுகொண்டே சொன்னான்.

"டாக்டர்கிட்ட ஏன் பைக்குன்னு சொன்னீங்க?"

"பரத்தான்... போலீஸ் கேஸ் ஆயிடும்னு. கில்பர்ட்டும் சரின்னான். ஃப்ரெண்டாச்சே."

பரத் வராந்தாவின் மறுமுனையிலிருந்து வந்தான். கண்கள் சிவந்திருந்தன. சட்டையில் கிரீஸ். சுனிதாவைக் கண்டதும் அவன் முகம் இறுகியது.

"அன்னைக்கு நீ குறுக்க வந்து நின்னே பாரு," என்றான். "அன்னைக்கே எனக்குத் தெரியும். கழிச்ச திருஷ்டியைத் திருப்பிக் கொண்டு வந்துட்டே."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அன்று ஒன்றும் நடக்காததற்குப் பூசணிக்காய் காரணம். இன்று நடந்ததற்கு அவள் காரணம். கார் ஓட்டியவன் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் உள்ளே கில்பர்ட் முனகும் சத்தம் கேட்டது. விரல் மரத்துக் கிடக்கிறது என்றானே.

"அப்புறமா என்னைத் திட்டலாம் பரத். இப்ப நகருங்க."

டூட்டி டாக்டரின் பெயர் ரக்ஷா என்று சட்டையில் எழுதியிருந்தது. சின்னப் பெண். களைத்துப் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மேடம், அந்த எலும்பு முறிஞ்ச பேஷண்ட் பைக்ல இருந்து விழல. கால் காருக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டுச்சு. வெகுநேரம் அழுத்திக் கிடந்திருக்குது. இப்ப விரல் மரத்துப் போச்சுங்கிறான்."

டாக்டர் டப்பாவை மூடவும் இல்லை, எழுந்து ஓடினாள். கில்பர்ட்டின் விரல்களை அழுத்திப் பார்த்தாள். பாதத்தில் நாடியைத் தேடினாள். விரலை மெல்ல நிமிர்த்தியபோது அவன் போட்ட அலறலில் ஜாய்சன் காதைப் பொத்திக்கொண்டான்.

"இதை யாரும் எங்கிட்ட சொல்லலியே!" டாக்டர் நர்ஸின் பக்கம் திரும்பினாள். "உள்ள தசை வீங்குது. ரத்தம் போக வழி இல்ல. கட்டைப் பிரிங்க, சீக்கிரம். சிஸ்டர், சர்ஜனுக்குப் போன் போடுங்க. தியேட்டர் ரெடி பண்ணுங்க."

"கால்..." என்றாள் சுனிதா.

"நாளைக்குக் காலைல பாக்கலாம்னு இருந்தோம். அப்படி விட்டிருந்தா கால் இருக்காது. இப்பவும் நிச்சயமா எதுவும் சொல்ல மாட்டேன்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது சுனிதா கூடவே நடந்தாள். கில்பர்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"பரத் உள்ள போயிடுவான் சுனிதா. வேலையும் போயிடும்."

"தெரியும்."

"நிக்கிறதை நான்தான் ஆரம்பிச்சேன். உனக்காக."

"அதுவும் தெரியும். அன்னைக்கே உன்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்கணும். தள்ளல. சந்தோஷமா இருந்துச்சு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கதவு மூடிக்கொண்டது.

வராந்தாவில் பரத் சுவரோரம் குந்தியிருந்தான். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி கொடுத்த தகவலின் பேரில் ஒரு போலீஸ்காரர் வந்தார். யார் கூட வந்தவர்கள், எங்கே நடந்தது, வண்டி யாருடையது என்று கன்னடத்தில் கேட்டார். ஜாய்சன் பரத்தைப் பார்த்தான். பரத் தரையைப் பார்த்தான்.

சுனிதா எழுந்து முன்னால் போனாள். தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று வழி சொன்னாள். எப்படி உள்ளே போனார்கள், ஒருவன் நடுவில் நிற்க மற்றவன் எப்படி ஓட்டுவான் என்று ஒன்றும் விடாமல், கன்னடத்தில், நிதானமாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

"இப்படி ஆளை நிறுத்தி ஓட்டினது யார் யார்? பேரைச் சொல்லும்மா."

"சுனிதா," என்றாள். "மர்பி டவுன். முதல்ல ஓட்டினது நான். அப்புறம் அவர்."